அவருக்குப் பதில் இவர்

கேபிள் காசு சேர்க்கிறவன் நான்.
நாடகம் எழுதுகிறவன் அல்ல.
இதை உப்புவெளியில் ஒருவருக்கும்
விளங்கப்படுத்த முடியவில்லை.

மாதம் ஐந்தாம் தேதி, வெயில்,
பற்றுச்சீட்டுப் புத்தகம், செயின் கழரும் சைக்கிள்.
முதல் படலையிலேயே புஸ்பமலர் அக்கா:
“ஏன் தம்பி இளமாறனை மாத்தினனீங்கள்?”

ஆயிரத்து நாநூற்றுப் பன்னிரண்டு நாள்
அதே ஹோலில், அதே சோபாவில் இருந்து
அழுத மனிதன்.
வெள்ளிக்கிழமை படியேறினான்.
திங்கட்கிழமை
வேறு மூக்கோடு இறங்கி வந்தான்.
கீழே ஒரு வரி ஓடியது:
இனி அவருக்குப் பதில் இவர்.

அக்கா காசு தரவில்லை.
பழைய ஆள் வந்தால் தருவாவாம்.

ஜமாலியாவில் றிஸ்மியா
கதவுக்குப் பின்னால் நின்றே வழக்காடினாள்.
“புதுசு கண்ணை உருட்டுது, நண்டு மாதிரி.
அவன் அப்படியா?
அவன்ட கண்ணால ஒரு சொட்டும் விழாது நானா,
எனக்குத்தான் விழும்.”

ஓர்ஸ் ஹில்லில் சந்திரா நோனாவுக்குத்
தமிழ் அரைவாசிதான் பிடிபடும்.
ஒரு முகத்தை மூன்று தரம் காட்டினால்
கெட்ட செய்தி என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறா.
“இப்ப ஆறு தரம் காட்டுறான்,
செய்திதான் இல்லை.”

வரோதயன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர்.
சுணக்கம் பொறுக்கமாட்டார்.
“கோதுமைக் கப்பல் ஒண்டு வந்து,
மா ஆலைக்கு முழுக்க இறக்கி,
திரும்பியும் போட்டுது.
உவள் இன்னும் அந்தக் கடிதத்தைப் பிரிக்கேல்லயடா!
உறையை வைச்சுக்கொண்டு எட்டு நாளா நிக்கிறாள்.”
பிறகு குரலைத் தாழ்த்தி,
“உள்ளுக்கு என்னவா இருக்கும்?”

அவருடைய பேத்தி புத்தகத்திலிருந்து தலையெடுக்கவில்லை.
அவள் ஏழாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கிய நாடகம்,
வருகிற வருடம் ஏஎல்.
“கலியாணத்தோட முடிச்சிருக்கோணும்,” என்றாள்,
“அதுக்குப் பிறகு எல்லாம்
கரைச்சு ஊத்தின பால்.”

திருக்கடலூரில் கடைசி வீடு.
தவராணி சூடைமீன் கழுவின கையோடு
சில்லறையை எண்ணினாள்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நானாகத்தான் கேட்டேன், புது ஆள் எப்படி என்று.

“பழகிடும்,” என்றாள்.
“கட்டாருக்குப் போனவர் ஒருத்தர்.
ஆறு வருசத்தால வந்தவர் வேற ஒருத்தர்.
கீழ ஒரு வரியும் ஓடேல்ல.
நாலு நாள் தடுமாறிப் போனன்.
அஞ்சாம் நாள் கேட்டன்,
தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு எண்டு.”

உள்ளே யாரோ செருமினார்கள்.
பற்றுச்சீட்டில் வழக்கமாக எழுதும் பெயரை எழுதினேன்.
ஒரு மீன்செதில்
அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பஸ் ஸ்டாண்டடியில் மான் ஒன்று
சுவரொட்டியின் மூலையைத் தின்றுகொண்டிருந்தது.
யாருடைய முகமென்று பார்க்க நேரமில்லை,
எட்டரையாகப் போகிறது.

பாலையூற்றுக்குள் திரும்பினால்
எல்லா யன்னலிலும் அதே இசை.
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலே
ஒரு காட்சியைத் தவறவிடாமல் கேட்டுவிடலாம்.
நான் பார்க்கிறதில்லை.
நடந்து கேட்கிறதோடு சரி.

இளமாறன் பேசினான்.

நின்றுவிட்டேன்.
அதே கரகரப்பு. ‘அம்மா’ என்னும்போது
அதே இடத்தில் உடைகிற மூச்சு.
முன்பும் இப்போதும்
முகம் காட்டாத எவனோ ஒருவன்தான்
குரல் கொடுத்திருக்கிறான்.
ரோட்டில் நிற்கிறவனுக்கு
ஒருவரும் மாறவில்லை.

புஸ்பமலர் அக்காவிடம் நாளைக்கு
இதைச் சொல்லிப் பார்க்கலாம்,
காசு தந்தாலும் தருவா.

மூன்றாவது யன்னலுக்குள்ளிருந்து
வரோதயன் கத்துகிறார்:
“பிரியன் பிள்ளை! பிரியன்!”