பழுது என்று எழுதியிருந்தது

செக்காலை ரோட்டில் எங்கள் பட்டறை வாசலில்
மரச்சட்டம் கட்டி வந்திறங்கியது
ஆறு மாதம் முன்பு நாங்கள் அனுப்பிய பெட்டி.
கிசுமு, ஏரிக்கரை மீன் சந்தை.
சரக்குச் சீட்டில் ஒரே சொல்:
பழுது.

சேவுகப்பெருமாளுக்கு முகம் செத்துவிட்டது.
பன்னிரண்டு குளிர்பெட்டி, சூரியத் தகட்டோடு.
தூத்துக்குடியில் கப்பல் ஏறும்வரை அவன் தூங்கவில்லை.
"ஆப்பிரிக்காவுக்கு நம்மளால ஆனது" என்று
பேங்க் மேனேஜரிடம் அவன் சொன்னபோது
நானும் தலையாட்டினேன்.
அந்த ஆட்டல் இப்போது கழுத்தில் வலிக்கிறது.

திறந்தோம்.
அடியில் நாங்கள் வைத்த பேட்டரி
மேல்தட்டுக்கு ஏறியிருந்தது.
ஏரி பொங்கினால் சந்தைக்குள் முழங்கால் தண்ணீராம்.
இறக்குமதி ரப்பர் இருந்த விளிம்பில்
கத்தரியால் நறுக்கிய சைக்கிள் டியூப்,
விரல் நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.
மூலையில் ஒரு துளை, மீன் தண்ணீர் வடிய.
மீனுக்கென்றே பெட்டி செய்த எங்களுக்கு
மீன் வடியும் என்று தோன்றவே இல்லை.

பூட்டைக் காணோம்.
அந்த இடத்தில் தீப்பெட்டி அளவு ஒரு சர்க்யூட்,
அதற்குள் ஒரு சிம்.
போனில் இருபது ஷில்லிங் அனுப்பினால் கதவு திறக்கும்,
ஒரு கூடைக்கு,
ஒரு பகலுக்கு.

நாங்கள் பெட்டி விற்றோம்.
மீன்காரிக்கு எதற்குப் பெட்டி?
பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே
கொஞ்சம் குளிர் வேண்டும் அவளுக்கு.
அதை நறுக்கி விற்கத் தெரிந்தவள்
செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும்
அகின்யி ஓதியாம்போ.
விடியலில் பிறந்தவள் என்று பெயருக்குப் பொருளாம்.
சேவுகன் வாயில் அது அக்கினி ஆகிவிட்டது.

டியூப் மடிப்பில் செருகியிருந்தது கடிதம்.
"பழுது உங்கள் வரைபடத்தில்.
திருத்தி இணைத்திருக்கிறேன்.
இனி இப்படி விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும்
எனக்கு நூற்றுக்கு நாலு."

"நாலா!"
வட்டியை மனக்கணக்காகப் போடும் ஊரில்
சதவீதம் கேட்டு ஒருவன் நாற்காலி தேடியதை
அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமைச் சந்தை, கத்திரி வெயில்.
அவள் சிம்மை எடுத்துவிட்டு நம்ம சிம்மைப் போட்டு
பெட்டியைக் குட்டியானையில் ஏற்றிப் போனேன்.
சோதனைக்குத்தான், என்றேன் சேவுகனிடம்.
கீரை விற்கும் பொற்கலை
இது எந்த நாட்டுப் பெட்டி என்று கேட்கவில்லை.
கூடைக்கு எவ்வளவு என்றாள்.
பத்து.
அஞ்சு.
ஏழில் நின்றோம்.
ரெண்டு மணிக்கு வாடியதை ஆட்டுக்கு வீசிவிட்டு
பஸ் பிடிக்கிறவள்
அன்று ஐந்தரைக்கு முழு விலை சொன்னாள்,
அரைக்கீரை அப்போதும் விறைப்பாக நின்றது.
அடுத்த கடையில் சாக்கோட்டைக் கண்மாய் ஜிலேபிக் கெண்டை.
அதுவும் அந்தக் கண்டத்திலிருந்து வந்த மீன்தான்.
வந்து நம்ம தண்ணீரில் முட்டையிட்டு
நம்ம குழம்பில் கொதிக்கிறது,
யாரும் அதனிடம் பாஸ்போர்ட் கேட்டதில்லை.
மீன்காரர் ரெண்டு கூடை வைத்தார். பேரம் பேசவில்லை.

அன்றைய வசூல் நூற்று முப்பத்திமூன்று ரூபாய்.
சேவுகன் அதை மூன்று முறை எண்ணினான்.
பிறகு பட்டறைக்குள் போய்
புது வரைபடத்தின் மூலையில்
வரைந்தவர் என்ற கட்டத்தில் இருந்த
தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரவு அவளுக்குச் செய்தி அனுப்பினான்:
மூணரை?

டீ ஆறுவதற்குள் பதில்.
வெள்ளிவரை நாலு.
அதற்கப்புறம் ஐந்து.

இன்று வியாழன்.
அவன் பேனா தேடுகிறான்.