கெண்டித் தீவு, இரவு ஒன்பதரை

பாயான் லெப்பாசில், சுத்த அறைக்குள்,
வெள்ளை உடுப்பு, வெள்ளை வெளிச்சம்;
சில்லுகளில் தூசு தேடுவது என் வேலை.
வெள்ளி இரவு மட்டும்
தூசுக்குள்ளேயே குதிக்கிறேன்.

கெண்டி என்று பேர் வாங்கிய தீவு
இருட்டை ஊற்றிக்கொண்டிருக்கிறது.
படகுக்காரர் பாக் டின் சிரிக்கிறார்:
"இந்தத் தண்ணி தே தாரேக் மாதிரி. என்ன தெரியும்?"
ஒரு கை நீளம் தெரியும்.
போதும்.

அதற்குள்
இறால்களின் கண்கள்
ஊதுபத்தி நுனிகளாய்ச் சிவக்கின்றன.
கணவாய் ஒன்று என் டார்ச்சின் முன்
சேலைக்கடையில் மனம் நிலைக்காதவள்போல்
நிறம் மாற்றி மாற்றிப் பார்க்கிறது.
பாறை இடுக்கில் பேத்தை மீன்,
கண் திறந்த தூக்கம்.
மன்னிப்புக் கேட்டு விலகுகிறேன்;
கேட்டது குமிழிகளாய் மேலே போகிறது.

சியூ பெங் தோளைத் தட்டுகிறாள்.
அணை, என்று சைகை.
அணைத்தோம்.

முதலில் ஒன்றுமில்லை.
பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல்
என் மூச்சு.
பிறகு விரலை அசைத்தேன்.
விரல் போன வழியெல்லாம் நீலப் பொறி.
அவள் கை வீசினாள்:
ஐம்பத்து மூன்று வயதுக் கணக்காளர்,
தோள்வரை ஒளி உடுத்தியிருந்தாள்.
சிரித்தேன். முகமூடிக்குள்
உப்புத் தண்ணீர் புகுந்தது.

எழுபது பார். ஏற வேண்டும்.

மேலே
ஒரு விமானம் தாழ்ந்து இறங்குகிறது.
கரை முழுக்க விளக்கு.
பாக் டின் கை கொடுத்து இழுக்கிறார்,
"என்ன பார்த்தே?"
தூசு, என்றேன்.
காதுக்குள் இன்னும் கொஞ்சம் கடல்
குலுங்கிக்கொண்டிருந்தது.