நோயாளி வேடம்

சனிக்கிழமைகளில் ஓட்டோவை
ஆடியபாதம் வீதியில் விட்டிட்டு
நோயாளியாகிறேன்.
மணித்தியாலத்துக்கு எழுநூறு ரூபா.

பேராசிரியர் கமலவேணி இதுவரை தந்தவை:
நீரிழிவு, இழுப்பு, இரண்டு தரம் காசம்,
ஒருக்கால் கர்ப்பிணியின் புருசன்.
அலுமாரிப் போத்தல் எல்லாவற்றிலும் சீனி.
பிழையான குளிசை தந்த பிள்ளைகளிடம்
எத்தனை தரம் செத்திருப்பேன்,
பிறகு போய்த் தேத்தண்ணி குடித்திருப்பேன்.
"பிழையை இங்கை விடுங்கோ" என்பார்,
"வெளியிலை ஆக்கள் ஒருக்கால்தான் சாவினம்."

அவர் ஓய்வுபெற ஒரு கிழமை.
இன்று வந்த மூன்றாம் வருசப் பெட்டை
தாளில் இல்லாததைக் கேட்டாள்:
"இரவிலை நித்திரை வருகுதோ?"
அதற்கு எனக்கு வசனம் தரப்படவில்லை.
இல்லையென்றேன்.
மகன் படகேறிய வைகாசியிலிருந்து.

கண்ணாடிக்கு அப்பால்
இருபத்தாறு வருசம் புள்ளி போட்ட பேனை
அசையவில்லை.
மணி அடிக்கும் நேரம் கடந்தது.
அவர் அடிக்கவில்லை.