மீதிப் பதினேழு

ஒரே நாளில் இரண்டு பேரும் வந்தார்கள்,
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் ஜெராக்ஸ் கடைக்கு.
டைப்பிங் பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பிழை என்னுடையதென்றால் மறுபடி இலவசம்.

காலையில் கேட் கீப்பர் தேசப்பன்.
மேலிடத்துக்கு விளக்கக் கடிதம், மூன்று நகல்.
"வரிசையா போடும்மா, நம்பர் போட்டு."
போட்டேன்.

1. மாலை 5.42, யார்டிலிருந்து போன்.
2. 5.44, கேட் மூடப்பட்டது.
3. 5.51, சரக்கு வண்டி. நிலக்கரி. ஐம்பத்தெட்டுப் பெட்டிகள்.
4. 6.07, கேட் திறக்கப்பட்டது.
5. மேற்படி ஷேர் ஆட்டோ குறித்து
அப்போது எனக்கு ஏதும் தெரியாது.

படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருந்த பதினாறு நிமிடத்தை
ஒரு முற்றுப்புள்ளி அடைத்துக்கொண்டு நின்றது.
மூடப்பட்டது. திறக்கப்பட்டது.
யார் கையும் படாமலே.

மத்தியானம் அற்புதமேரி. புகார் மனு.
நம்பரெல்லாம் வேண்டாம் என்றாள்.
"எழுது. எங்கண்ணன் தண்ணி கேட்டான்."
அது எப்போது என்றேன்.
"அதான் மொதல்ல."
அதற்கு முன்னால் நெஞ்சுவலி, அதற்கும் முன்னால் ஆட்டோ,
ஆட்டோவுக்கு முன்னால் அவன் சாப்பிடாமல் கிடந்தது.
"அதெல்லாம் அப்பால வரும். தண்ணி கேட்டான்,
என் கைல தண்ணி இல்ல.
நான் அங்கேர்ந்துதான் சொல்லுவேன்."

அங்கிருந்து சொன்னால்
கேட்டுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது.
அவன் கேட்டான்.
கேட் கேட்கவில்லை.

கஸ்பர் கம்பியில் தலை சாய்த்து
பெட்டி எண்ணுகிறான்.
ஹார்பரில் இருபது வருஷம் மூட்டை எண்ணிய வாய்.
முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது.
நாப்பது. நாப்பத்தொண்ணு.

அவள் அங்கே நிறுத்தவில்லை.
அப்புறம் ஸ்டான்லி, அப்புறம் ஸ்ட்ரெச்சர்,
அப்புறம் ஆதார் கேட்ட ஆள்,
அப்புறம் கழற்றிக் கொடுத்த பெல்ட்டு.
ஒவ்வொரு அப்புறமும் அடுத்ததில் கொக்கி மாட்டி
நான்கு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.
நூற்றிருபது ரூபாய்.
வாங்க மனசில்லை. வாங்கினேன். கரண்ட் பில் வந்திருந்தது.

இரண்டிலும் அதே இருபத்து மூன்று நிமிடம்.
இரண்டையும் அடித்தது இதே பத்து விரல்.
ஒன்றில் யாருமே சாகவில்லை.
இன்னொன்றில்
கொன்றது யாரென்று முதல் வரிக்குள் தெரிந்துவிடுகிறது.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூன்றாவதாக ஒரு ஃபைல் திறந்தேன்.
பெறுநர் இல்லை. மதிப்புக்குரிய ஐயா இல்லை.
நம்பரும் வேண்டாம், அப்புறமும் வேண்டாம்.
கதை என்றால் எஞ்சின் போகிற திசைக்குத்தான் எல்லாப் பெட்டியும்.
எனக்கு வேண்டியது வேறு.
ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில்
எதிர்ப்பக்கம் தெரியுமே, கண் சிமிட்டுகிற நேரம்,
ஒரு சைக்கிள் ஹேண்டில், பச்சை முந்தானை,
நம்மைப் போலவே காத்து நிற்கிற ஒரு முகம்.
அது.

அடித்தேன்.

நாப்பது

நாப்பத்தொண்ணு

பிறகு என்டர். இன்னொரு என்டர்.
மீதிப் பெட்டிக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதினேழு.
கர்சர் வெற்று வரிகளில் மினுங்கி மினுங்கி இறங்கியது.

தண்ணீரை எங்கே வைப்பது?
மேலே வைத்தால் குற்றம்.
கீழே வைத்தால் ஆறுதல்.
நடுவில் வைத்தால் வெறும் தண்ணீர்.

காலையில் தேசப்பன்
மூன்று நகலையும் மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு,
படியில் இறங்கி, மறுபடி ஏறி வந்து
ஒன்று சொன்னார். "அத எழுதிடாதம்மா" என்றார்.
எழுதவில்லை.
ஐந்துக்குப் பிறகு ஆறு இல்லை.

இப்போது பதினெட்டாவது வரியில் அதை வைக்கிறேன்:

கேபின்ல ஒரு கொடம் தண்ணி இருந்துச்சி

கீழே, யாரும் கேட்காமல்,
பக்க எண் 1 என்று தானாக விழுகிறது.