பதினெட்டாவது கல்

கம்பளிக் காலுறை ஒன்றில்
சுருட்டிக் கொண்டுவந்தாள் இளவரசியை.
ரீகாவில் புது நாணயம் வந்த வருடம் அது.
எல்லோரும் எதையாவது விற்றுக்கொண்டிருந்தோம்.

கோழிமுட்டை அளவு முகம்.
யானைத் தந்தத்தின் மெல்லிய சீவல்மேல்
மயிரிழைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஏற்றிய கன்னம்.
எந்த அரசன் பெற்றவள்,
எவன் சம்மதம் கேட்டு எந்த நாட்டுக்குப் போன படம்,
சொல்ல ஒரு எழுத்தும் இல்லை சட்டத்தில்.
அம்மைத் தழும்பு இருந்திருக்கும் அவளுக்கு.
அந்தக் காலத்தில் யாருக்கு இல்லை?
அதைத் தீட்டாமல் விட்டதற்குத்தான்
ஓவியன் கூலி வாங்கியிருப்பான்.

முகத்தைச் சுற்றி இருபத்திரண்டு கற்கள்.

"கல்லுக்கு மட்டும் விலை சொல்லுங்கள்" என்றாள் ஸ்கைத்ரீத்தே,
"பெண்ணை நானே வைத்துக்கொள்கிறேன்."

லென்ஸைக் கண்ணில் பொருத்தி மெல்ல ஊதினேன்.
வைரம் என்றால் மூச்சை அக்கணமே உதறிவிடும்.
இதில் ஆவி அப்படியே நின்றது.
அடுத்ததிலும் நின்றது.
நான் தலை தூக்குமுன் அவளே சிரித்தாள்:
"தெரியும். பதினேழு போயாயிற்று.
பின்பக்கம் திறந்து பாருங்கள்."

தகட்டை நெம்பினேன்.
தந்தம் வளையாதிருக்க எவனோ ஒட்டிய சீட்டு,
இஸ்பேட் ஏழு.
அதன்மேல் பென்சிலில் அவள் அம்மாவின் கையெழுத்து.
ஒன்று, உருளைக்கிழங்கு அரை மூட்டை.
இரண்டு, விறகு.
மூன்றும் நான்கும், அவரைப் பார்க்க அனுமதிச் சீட்டு.
ஐந்து, அதற்கே. பார்க்க விடவில்லை.
பிறகு ரொட்டி, ரொட்டி, வெறும் ரொட்டி,
நடுவில் எப்படியோ ஒரு சிவப்பு ரிப்பன்.
அந்த வரி வந்தபோது
ஸ்கைத்ரீத்தேயின் கை தன் நரைத்த பின்னலைத் தொட்டு மீண்டது.

கடைசி வரி:
பதினெட்டு, டாக்டர் வீட்டோல்ஸுக்கு.
திருப்பித் தந்துவிட்டார்.

"எனக்குத் தொண்டை அடைப்பான், ஆறு வயதில்.
பதினோராம் இரவு அம்மா இந்தக் கல்லை நீட்டினாளாம்.
ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாராம்.
உங்கள் மகளுக்கு இருக்கட்டும் என்று
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாராம்.
அப்படியும் ஒரு மனிதர்."

இளவரசியின் இடது காதுக்கு நேரே இருந்தது அது.
பிடிகளில் இருமுறை வளைத்த தடம்.
மற்றப் பதினேழும் புட்டி உடைத்துச் செய்தவை போல,
நேற்றைய கண்ணாடி.
இது பழையது.
கையால் பட்டை தீட்டி, அடியில் வெள்ளித்தாள் வைத்து,
அந்தத் தாளும் இருநூறு வருடத்தில் கறுத்து.
ஆனாலும் கண்ணாடி.
ஏதோ ஓர் அரண்மனையின் பொற்கொல்லன்
ஒரு வைரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு
ராஜாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்திருக்கிறான்.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாராம்.
அந்த ஒரு சொல் பல்லிடுக்கில் நார்போல் நின்றது.

"பன்னிரண்டாம் இரவு வந்தாரா?" என்று கேட்டேன்.

"வராமல்? அதற்கப்புறமும் நான்கு இரவு வந்தார்.
பனியில் நடந்தே.
பாலம் அப்போது இல்லை,
தௌகவா உறைந்திருந்தது, அதன்மேல்."

ரசீது எழுதினேன்.
வைரம் நான்கு, எடை, தொகை.
"ஐந்தாவது?" என்றாள்.
"விற்கப் போகிறீர்களா?"
"சேச்சே."
"அப்படியானால் அதற்கு விலை எதற்கு?"

நான்கையும் கழற்றி எடுத்துக்கொண்டு
பணத்தை எண்ணித் தந்தேன்.
இளவரசி எதையும் கவனிக்கவில்லை.
காலுறைக்குள் போடுமுன்
ஸ்கைத்ரீத்தே அந்த ஒரு கல்லை வாயருகே கொண்டுபோய்
துடைப்பதற்காக ஊதினாள்.

ஆவி படிந்தது.
நின்றது.
நான் தெருவில் ட்ராம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.