அடிப்பக்கம்

சஃப்ரேன் வீதி ஓட்டல்காரர்
குளியல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.
ஒஹையோவில் சுட்ட குடுவை, நூறு வயது தாண்டியது.
வெல்லப்பாகு நிறம்.
விளிம்பில் நகக்கண் அளவு ஒரு பொறிவு.
வயிற்றில் ஒரு மனிதன்:
இரண்டு இறகு, எலும்பு மாலை,
என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கும் கண்.

"இதே மாதிரி பன்னிரண்டு வேணும் மதலேன்.
டிசம்பர் கூட்டத்துக்கு முன்னாடி."

கவிழ்த்துப் பார்த்தேன்.
எந்தக் குடுவையையும் முதலில் கவிழ்க்கிற பழக்கம் எனக்கு.
ஆலை முத்திரை இருந்தது. வருடம், அச்சு எண் இருந்தது.
வரைந்தவளின் இரண்டெழுத்து, ஈர மண்ணில் ஊசியால் கீறியது
(வரைந்தவள் என்பது என் ஊகம்).
சாப்பாட்டு மணி அடித்துவிட்டதுபோல் ஓர் அவசரக் கீறல்.
முகத்துக்குரியவன் பெயரைத்தான் காணோம்.

புகைப்படம் பார்த்து வரைந்திருக்கிறாள்,
நிழல் விழுந்த விதத்திலேயே தெரிகிறது.
அவன் அவளைப் பார்த்ததே இல்லை.

நான் வரைந்த முதல் நான்கில்
மூக்கு வந்தது, ஆள் வரவில்லை.
படத்திலிருந்து எடுத்த படத்தில்
உதட்டில் ஈரம் இருக்காது.
நான்கையும் பிசைந்து தொட்டியில் போட்டேன்.

அன்றைக்குத்தான் கடலூரிலிருந்து
சூளைக்குச் சவுக்கு வந்தது.
பாவாடைராயன் இறக்கி, எண்ணி, அடுக்கி,
பீடிக்கு நெருப்புத் தேடி வாசலில் நின்று
என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"அப்படியே நில்லுங்க."
"எவ்ளோ நேரம்?"
"மண்ணு காயற வரைக்கும்."
"நான் காஞ்சிடுவேனே!"

நிற்பதற்கும் கூலி பேசினார்,
சுமப்பதைவிட ஐம்பது ரூபாய் கூட.
கன்னத்துக்குச் செம்மண் குழம்பு மூன்று பூச்சு,
கண்ணில் வெள்ளை ஒரே ஒரு சொட்டு.
இறகு வைக்கவில்லை.
காதில் செருகிய பீடி இருக்கட்டும் என்றார்.
இருந்தது.

சூளை வாயை அவரே அடைத்தார்.
"உசுரோட இருக்கும்போதே கட்டை அடுக்குறாங்கப்பா"
என்று லாரிக்காரனிடம் சொல்லிச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

ஓட்டல்காரர் பன்னிரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"இறகு எங்கே?"
அப்புறம், குரலைத் தாழ்த்தி:
"நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கேம்மா."
பாதி விலைக்கு மூன்று எடுத்துக்கொண்டார்,
மாடிக் குளியலறைகளுக்காம்.
ஒஹையோக்காரனைக் கேட்டு இன்னும் ஆள் வரவில்லை.
என் அலமாரியில் இருக்கிறான்.
அவன் அடியில் எழுத எனக்குப் பெயர் தெரியாது,
தெரிந்தாலும் அந்த மெருகில் ஊசி இறங்காது.

அடுத்த லோடு வந்த அன்று
பாவாடைராயன் ஒன்றைக் கையிலெடுத்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை.
கவிழ்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
என் 'ம'வுக்கு மேலே தன் பெயரை
விரலால் தடவித் தடவிப் படித்து நிமிர்ந்தார்.

"ராயனுக்குக் காலு விட்டுப்போச்சே.
ரயன்னு வெச்சிருக்க."

ஒன்பதையும் கவிழ்த்துப் பார்த்தேன்.
ஒன்பதிலும் கால் இல்லை.