இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது

கத்திரி தொடங்கி நாலாவது நாள்
இவளைக் கொண்டுவந்தோம்
கொசப்பேட்டை மாடி வீட்டுக்கு.
மூன்று நாள் நீல விளக்கடியில் கிடந்தவள்;
கண்ணுக்குக் கட்டிய துணியின் தடம்
நெற்றியில் இன்னும் இருந்தது.
ஆட்டோக்காரர் ஒவ்வொரு வேகத்தடையிலும்
என்னிடம் அனுமதி கேட்டுத்தான் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது எதுவும்
வீட்டில் வேலை செய்யாதென்று
அன்றிரவே தெரிந்துவிட்டது.
வாயைத் திறந்து தேடுகிறாள்,
மார்பு இருக்கும் இடத்தை விட்டு
மற்ற எல்லா இடத்திலும்.
அவள் அழுதாள். நான் அழுதேன்.
கோவேந்தன் இரண்டு பேரையும் பார்த்தான்.
யாரை முதலில் தூக்குவதென்று தெரியாமல்
ஃபேனை ஐந்தில் வைத்தான்.
கரண்ட் போனது.

பகலில் காய்ந்த மொட்டைமாடி
இரவு ஒரு மணிக்கும் காலைச் சுட்டது.
அங்கே ஏற்கெனவே ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்:
பின்போர்ஷன் பர்ஹானா,
தோளில் பதினேழு நாள் பையன்.
"உங்களுது எத்தனை?"
பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
"ஆறு" என்றேன்.
"பத்துல கொஞ்சம் தூங்கும்" என்றாள்,
பதினேழு நாள் அனுபவத்தில்.
பொய். பத்தில் தூங்கவில்லை.
ஆனால் நாலு நாள்
அதை நம்பித்தான் ஓட்டினேன்.

பிறகு பேசியதெல்லாம் கணக்கு.
எத்தனை ஈரத்துணி, என்ன நிறம்,
கடுகு மாதிரியா கீரை மாதிரியா,
காய்கறி வண்டிக்காரரிடம் பேசுவதுபோல்
கூச்சமே இல்லாமல்.
தையல் போட்ட இடம் இழுப்பதை அவள் சொன்னாள்.
ஒரு மதியம் இவளைத் தொட்டிலில் விட்டு
அழுகை கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு
குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றதை
நான் சொன்னேன்.
சொன்னதும் பயந்தேன்.
அவள் பையனை மறுதோளுக்கு மாற்றினாள்.
"எங்க பாத்ரூம்ல குழாய் ரிப்பேர்.
இல்லைன்னா நானும்."

பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு.
வீட்டுக்கு வந்தபோது இரண்டு நானூற்று எண்பது.
இடையில் போன இருநூற்று இருபது கிராமை
வீடெல்லாம் தேடினேன்,
தலையணை அடியில், என் மேல்.
பதினான்காம் நாள் கோவேந்தன் பொறுக்காமல்
இவளைத் துண்டில் சுற்றித் தூக்கிப்போனான்
தான் கணக்கெழுதும் ஆரணி அரிசி மண்டிக்கு.
மூட்டைத் தராசு வேண்டாம், சில்லறைத் தராசு.
துண்டை விரித்து, பூஜ்ஜியம் பண்ணி, கிடத்தினார்கள்.
சிவப்பு எண்கள் நிற்கவில்லை,
உதைக்கிறாள்: மூன்று, இரண்டு, இரண்டரை.
மூட்டை தூக்கும் தணிகாசலம் சொன்னாராம்,
"பொன்னி அரிசி இப்படி ஆடாதுப்பா."
அசந்த ஒரு நொடியில்
2.640.
மண்டிச் சீட்டில் எழுதி, முத்திரை குத்தி,
கொண்டுவந்து கொடுத்தான்.
நூற்று அறுபது கிராம்.
ஏறத்தாழ ஓர் ஆழாக்கு அரிசி.
எல்லாம் என்னிடமிருந்து போனது.
சீட்டைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன்.
மின்கட்டண ரசீதுக்கு மேலே.

அப்புறம் ஒரு நாள்
கண் விழித்தால் விடிகாலை நாலு.
காட்பாடிப் பக்கம் ஒரு ரயில் கூவியது,
அவ்வளவு தெளிவாகக் கேட்டது.
அமைதிதான் என்னைப் பயத்தில் எழுப்பியிருந்தது.
மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு சுட்டது.
கதவைத் திறந்தால் படியில் பர்ஹானா,
ஒரு கையில் செருப்பு,
சத்தம் வரக்கூடாதென்று.
"உங்களுதும் அழலையா?"
"இல்லை."
"நம்மளுதும்."
தூங்கப் போயிருக்கலாம்.
இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம்,
வேலை போனவர்கள் மாதிரி.
இம்தியாஸ் டீ போட்டுக் கொண்டுவந்தார்,
சர்க்கரைக்குப் பதில் உப்பு.
குடித்தோம். மலைப்பக்கம் வெளுத்தது.
மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது,
எனக்கும், கொஞ்ச நேரத்தில் அவளுக்கும்.
அவள் சிரிக்கத் தொடங்கும்போது
உள்ளே அழுகை.
டம்ளரை என் கையில் திணித்துவிட்டு
படியிறங்கி ஓடினாள்.

அழுதது என்னுடையது.